பெல்லட் ஹீட்டிங்: விலை, மானியம், அரசியல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனியின் பவேரியாவில், வீடுகளுக்கு ஹீட்டிங் பொருத்தும் ஒரு சிறு நிறுவனத்தில் 14 வருடங்களாக வேலை பார்க்கிறேன். பழைய எண்ணெய் பாய்லரைக் கழற்றிவிட்டு பெல்லட் பாய்லர் வைப்பதுதான் எங்கள் வேலையில் பாதி. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போதும், கல்யாண வீட்டுப் பந்தியிலும், வாட்ஸப்பிலும் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. 2022-க்குப் பிறகு இன்னும் கூடிவிட்டது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்களில் முன்னால் சொன்ன கணக்குகள் தேவைப்படும்.

பெல்லட்னா என்னங்க? விறகுதானே அது?

விறகு இல்லை, மரத்தூள். எங்கள் ஊரில் மர அறுவை மில்லிலிருந்து சாக்கில் தூள் வாங்கி வந்து அடுப்பு எரிப்பார்கள். தகர அடுப்பின் நடுவே ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைக் கொட்டி, உலக்கையால் இடித்து இறுக்கி, பாட்டிலை மெதுவாக உருவி எடுப்பார் அம்மா. தூள் தளர்ந்திருந்தால் சரிந்து புகையும். இறுகியிருந்தால் ஒரு மதியச் சமையல் முழுக்க நின்று எரியும். பெல்லட் என்பது அந்த இடிக்கிற வேலையை இயந்திரம் செய்வது. தூளைக் காயவைத்து, துளையிட்ட எஃகு அச்சுக்குள் பெரும் அழுத்தத்தில் திணிக்கிறார்கள். அந்தச் சூட்டில் மரத்திலேயே இருக்கும் லிக்னின் இளகி, ஆறும்போது பசையாகப் பிடித்துக்கொள்கிறது. கொஞ்சம் ஸ்டார்ச் சேர்ப்பதும் உண்டு, அதற்கும் வரம்பு இருக்கிறது.

வீட்டு உபயோகத்துக்கு வருவது பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் தடிமன். ஈரப்பதம் 10 சதவீதத்துக்குள். ஒரு கிலோவில் ஏறக்குறைய 4.8 முதல் 5 யூனிட் வெப்பம் கிடைக்கும். இங்கே யூனிட் என்று நான் சொல்வது கிலோவாட் மணி. இரண்டு கிலோ பெல்லட் ஒரு லிட்டர் ஹீட்டிங் எண்ணெய்க்குச் சமம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே உள்ள கணக்கெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

ஸ்டவ்வும் பாய்லரும் ஒண்ணுதானா?

எரிபொருள் ஒன்று, சந்தை வேறு. ஸ்டவ் ஹாலில் நிற்கும், 15 கிலோ மூட்டையைப் பிரித்து மேலே கொட்டவேண்டும். இத்தாலி ஸ்டவ் நாடு. அங்கே 20 லட்சத்துக்கு மேல் பெல்லட் ஸ்டவ்கள் இருக்கின்றன, எரிக்கும் பெல்லட்டில் பெரும்பகுதி இறக்குமதி. அமெரிக்காவும் ஸ்டவ் நாடுதான். 1980-களில் பெல்லட் ஸ்டவ் பிறந்ததே அங்கேதான். மூட்டை அங்கே 40 பவுண்டு, 50 மூட்டை சேர்ந்தால் அவர்களுடைய ஒரு டன்.

பாய்லர் நிலவறையில் இருக்கும். வீடு முழுக்கச் சூடாக்கும், வெந்நீரும் தரும். ஆஸ்திரியாவும் ஜெர்மனியும் இந்த வகை. டேங்கர் லாரி வந்து குழாய் மாட்டி, காற்றின் வேகத்தில் பெல்லட்டைக் கிடங்கு அறைக்குள் ஊதிவிட்டுப் போகும். தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவது போல ஒரு சத்தம், அரை மணி நேரம். அப்புறம் வருடம் முழுக்க நீங்கள் தொடவேண்டியது சாம்பல் பெட்டி மட்டும்.

ஒரு வீட்டுக்கு வருஷத்துக்கு எவ்வளவு ஆகும்?

இங்கே ஒரு பழைய தனிவீட்டுக்கு வருடத்துக்கு 20,000 யூனிட் வெப்பம் தேவை என்று வைப்போம். நல்ல பாய்லர் 90 சதவீதத்துக்கு மேல் வீட்டுக்குள் சேர்க்கும். அப்படியானால் நாலரை டன் பெல்லட். ஒரு டன் ஏறக்குறைய ஒன்றரை கன மீட்டர் இடம் பிடிக்கும், அறை சரிவாக அமைவதால் சற்றுக் கூடுதலாகவே ஒதுக்கவேண்டும். டன் 300 யூரோ என்றால் வருடச் செலவு 1,350 யூரோ, யூனிட்டுக்கு 6 சென்ட் சொச்சம்.

இதோடு புகைபோக்கி சுத்தம் செய்பவருக்கான கட்டணம், வருடாந்திர சர்வீஸ் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விற்க வருபவர்கள் பலர் இதை விட்டுவிட்டுத்தான் கணக்குக் காட்டுகிறார்கள்.

எல்லாப் பெல்லட்டும் மரத்தூள்தானே, விலை குறைஞ்சதை வாங்கினா என்ன?

மூட்டையில் முதலில் பார்க்கவேண்டியது ‘இஎன்பிளஸ் ஏ1’ முத்திரையும் அதன் கீழே உள்ள அடையாள எண்ணும். 2010-இல் ஜெர்மனியில் தொடங்கி ஐரோப்பா முழுக்கப் பரவிய தரச்சான்று அது. ஏ1 என்றால் சாம்பல் 0.7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. நூறு கிலோ பெல்லட்டில் அரைக் கிலோ சாம்பலுக்கும் ஒன்றரைக் கிலோ சாம்பலுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். கூடுதல் சாம்பலோடு பட்டையும் மண்ணும் சேர்ந்து வந்தால் அது எரிதட்டில் உருகி, கண்ணாடிக் கட்டி போல இறுகிக்கொள்ளும். காற்று வரும் துளைகள் அடைபடும். போன வருடம் ஒருவர் வீட்டில் உளியால் தட்டித்தான் எடுத்தேன். மூட்டைக்கு ஒரு யூரோ மிச்சம் பிடித்தவர், சர்வீஸுக்கு அதைப்போலப் பல மடங்கு கொடுத்தார்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் நாலைந்து பெல்லட்டைப் போடுங்கள். நன்றாக இறுகியது உடனே அடியில் போய் உட்காரும். மிதந்தால் வாங்கவேண்டாம். மூட்டையின் அடியில் கைப்பிடி அளவுக்கு மேல் தூள் கிடந்தாலும் அப்படியே.

இந்தத் தரச்சான்று அரசு கொண்டுவந்தது இல்லை. தொழில்காரர்களே முன்வந்து தங்களுக்குப் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. இந்தத் துறையின் சங்கங்கள் செய்த வேலைகளில் ஆக நல்லது இதுதான் என்பேன். ஸ்டவ் பழுதானால் மக்கள் பெல்லட் கம்பெனியைத் திட்டுவதில்லை, ‘பெல்லட்டே வேண்டாம்’ என்றுதான் முடிவு செய்கிறார்கள். அதைப் புரிந்துகொண்டவர்கள் செய்த வேலை.

2022-ல விலை ஏன் அப்படி எகிறுச்சு?

2021 நடுவில் ஜெர்மனியில் டன் 220 யூரோ அளவில் இருந்தது. 2022 செப்டம்பரில் 700-ஐத் தாண்டியது. மேலே போட்ட கணக்கில் வைத்துப் பாருங்கள், அதே வீட்டுக்கு ஆயிரம் யூரோ மூவாயிரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

பல காரணங்கள் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. உக்ரைன் போருக்குப் பிறகு ரஷ்யா, பெலாரஸ் மரத்துக்குச் சான்று அமைப்புகள் கதவை மூடின. 2022 ஏப்ரலில் வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ஐந்தாவது தடைப் பட்டியலில் மரமும் சேர்ந்தது. வருடத்துக்கு இருபது லட்சம் டன் அளவில் ரஷ்யாவிலிருந்து வந்துகொண்டிருந்த பெல்லட் நின்றுபோனது. அதே சமயம் எரிவாயு வராமல் போகுமோ என்ற பயத்தில் ஸ்டவ்வும் பாய்லரும் விற்றுத் தள்ளின. இன்னொரு பக்கம் வட்டி ஏறி வீடு கட்டுவது குறைந்தது. வீடு கட்டாவிட்டால் பலகை அறுக்கமாட்டார்கள், பலகை அறுக்காவிட்டால் தூள் ஏது? ஆலைகளின் மின்சாரச் செலவும் ஏறியது.

இதற்கெல்லாம் மேல் மக்களின் பதுக்கல். வழக்கமாக நாலு டன் வாங்குபவர் எட்டு டன் கேட்டார். புது வாடிக்கையாளரின் ஆர்டரையே பல விற்பனையாளர்கள் எடுக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி, மூன்று கடையில் தேடி ஒவ்வொன்றிலும் ஐந்து மூட்டை வாங்கி, காரின் பின் இருக்கையில் அடுக்கிக்கொண்டு வந்தார். குளிர்காலம் மிதமாகப் போனதால் 2023 வசந்தத்தில் விலை 400-க்குக் கீழே இறங்கிவிட்டது. ஆனால் அந்தச் செப்டம்பரில் வாங்கியவர்கள் மனதிலிருந்து அது இறங்கவில்லை.

அதுக்கு முன்னாடி இப்படி நடந்ததே இல்லையா?

நடந்தது, அதனால்தான் 2022 எனக்கு அவ்வளவு வலித்தது. 2006-இல் ஆஸ்திரியாவில் இதே கதை சிறிய அளவில் நடந்தது. எண்ணெய் விலை ஏறியதால் எல்லாரும் பெல்லட்டுக்கு ஓடினார்கள், ஆலைகள் போதவில்லை, விலை திடீரென்று ஏறியது. அந்த வருடம் 10,000-க்கு மேல் விற்ற பெல்லட் பாய்லர் அடுத்த வருடம் 4,000-க்கும் கீழே விழுந்தது. விலை சீக்கிரமே இறங்கிவிட்டது, நம்பிக்கை திரும்பத்தான் வருடங்கள் ஆயின.

அமெரிக்காவின் வடகிழக்கிலும் 2014-15 குளிர்காலத்தில் கடைகளில் மூட்டை கிடைக்காமல் மக்கள் அலைந்தார்கள். இதிலிருந்து நான் புரிந்துகொண்டது ஒன்று. பெல்லட் விலை பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும், ஆனால் பத்து வருடத்தில் ஒருமுறை பயம் பிடித்தால் எண்ணெயைப் போலவே குதிக்கும். ‘விலை ஏறவே ஏறாது’ என்று சொல்லி விற்பவரை நம்பாதீர்கள்.

எண்ணெய் விலை இறங்கினா நல்லதுதானே, பெல்லட்காரங்களுக்கு ஏன் கவலை?

பாய்லர் மாற்றும் முடிவைப் பெரும்பாலும் எண்ணெய் பில்தான் எடுக்க வைக்கிறது. 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் இருந்த கச்சா எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே வந்தது. அந்த வருடங்களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெல்லட் பாய்லர் விற்பனை படுத்துவிட்டது.

இதன் வலி எங்கே தெரிந்தது என்றால் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில். பாதிக்கு மேற்பட்ட வீடுகள் எண்ணெயில் சூடாகும் ஊர் அது. சுற்றிலும் காடு. அந்தக் காட்டின் மட்டமான மரத்தை வாங்கிக்கொண்டிருந்த காகித ஆலைகள் 2014-க்கும் 2016-க்கும் இடையில் வரிசையாக மூடின. அறுவைக்கு உதவாத மரத்துக்கு வாங்குபவர் இல்லை. மறுபக்கம் வெளியிலிருந்து வாங்கும் எண்ணெய்க்குப் பணம் மாநிலத்தை விட்டுப் போகிறது. உள்ளூர் பெல்லட் சங்கங்கள் சொன்ன வாதம் இதுதான்: எங்கள் காட்டு மரத்தால் எங்கள் வீட்டைச் சூடாக்கினால் அந்தப் பணம் இங்கேயே லாரி ஓட்டுபவருக்கும் மரம் வெட்டுபவருக்கும் போகும். சுற்றுச்சூழல் பேச்சை விட இந்த வாதம் அங்கே அதிகம் எடுபட்டது. நியாயமான வாதம்தான்.

மானியம் இல்லாம இந்தத் தொழில் நிக்காதா?

எரிபொருள் மலிவு, கருவி விலை அதிகம். இதுதான் பெல்லட்டின் அடிப்படைக் கணக்கு. கிடங்கு, பாய்லர், தண்ணீர்த் தொட்டி, புகைபோக்கி எல்லாம் சேர்ந்தால் எரிவாயு பாய்லரைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். அந்த முதல் மேட்டை ஏற ஒரு கை தேவைப்படுகிறது. ஜெர்மனியில் 2024 தொடக்கத்தில் வந்த திட்டப்படி அடிப்படை மானியம் 30 சதவீதம், குறைந்த வருமானம் போன்ற கூடுதல் தகுதிகள் சேர்ந்தால் 70 சதவீதம் வரை. ஒரு வீட்டுக்கு 30,000 யூரோ செலவு வரைதான் கணக்கில் எடுப்பார்கள். புகைத்தூசு மிகக் குறைவான பாய்லருக்குத் தனியாக 2,500 யூரோ.

மானியம் இருப்பதைவிட, அது நிலையாக இருப்பதுதான் முக்கியம். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஜெர்மனியில் 2022 ஆகஸ்டில் பெல்லட் மானியத்தைக் கடுமையாக வெட்டினார்கள். 2023-இல் சோலார் அல்லது ஹீட் பம்ப் (காற்றிலோ நிலத்திலோ உள்ள வெப்பத்தை மின்சாரத்தால் வீட்டுக்குள் இழுக்கும் கருவி) சேர்த்தால்தான் தருவோம் என்றார்கள். 2024-இல் மீண்டும் மாற்றினார்கள். அந்தந்த மாதங்களில் எங்கள் நிறுவனத்துக்கு ஒரு வாரம் நிற்க நேரமில்லாமல் போன் வரும், அடுத்த வாரம் ஒரு போன்கூட வராது. பயிற்சி கொடுத்து வைத்திருந்த இரண்டு பையன்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

பாய்லர் தயாரிக்கும் ஆஸ்திரியாவின் விண்ட்ஹாகர் நிறுவனத்துக்கு நடந்ததும் அதே. நூறு வருடப் பெயர் அது. 2022-இன் பெரும் கிராக்கியை நம்பி விரிவாக்கத்தில் இறங்கியது, 2023-இல் விற்பனை சரிந்தது, 2024 ஜனவரியில் திவால் மனு போட்டது. தேவை உச்சியில் இருந்தபோது எடுத்த முடிவுக்குச் சரிவில் விலை கொடுக்க வேண்டியதாயிற்று.

இந்தச் சங்கங்கள் அரசாங்கத்துகிட்ட அப்படி என்னதான் கேக்கறாங்க?

ஜெர்மனியில் டிஇபிவி, ஆஸ்திரியாவில் புரோபெல்லட்ஸ், இத்தாலியில் அயேல், ஐரோப்பிய அளவில் பயோஎனர்ஜி யூரோப், அமெரிக்காவில் பெல்லட் ஃபியூயல்ஸ் இன்ஸ்டிடியூட்டும், 2009-இல் தொடங்கிய பயோமாஸ் தெர்மல் எனர்ஜி கவுன்சிலும். பேர்கள் வேறு, கோரிக்கைகள் கிட்டத்தட்ட ஒன்று.

முதலாவது வரி. இத்தாலியில் 2015 முதல் பெல்லட்டுக்கான மதிப்புக்கூட்டு வரியை 10-லிருந்து 22 சதவீதமாக்கினார்கள். விறகுக்கு வரி குறைவு, சுத்தமாக எரியும் பெல்லட்டுக்கு அதிகம். இது தலைகீழ் என்று சங்கம் வருடக்கணக்காக முறையிட்டது. விலை நெருக்கடி வந்த பிறகுதான் 2023-க்கும் 2024-இன் முதல் இரண்டு மாதங்களுக்கும் மட்டும் 10 சதவீதமாக இறக்கினார்கள். ஜெர்மனியில் பெல்லட்டுக்கு 7 சதவீதம், எரிவாயுவுக்கு வழக்கமான 19.

இரண்டாவது, வெப்பத்தையும் ஆற்றலாக மதியுங்கள் என்பது. புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்றாலே எல்லா நாட்டிலும் மின்சாரத்தை மட்டும் நினைக்கிறார்கள். ஆனால் குளிர் நாட்டு வீட்டில் பெரும்பகுதி ஆற்றல் போவது சூடாக்கத்தான். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 2012-இல் தன் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் கட்டாயச் சட்டத்தில் வெப்பத்துக்கென்று தனிப் பங்கு ஒதுக்கியது. அந்த நாட்டில் முதன்முதலில் அப்படிச் செய்தது அந்தச் சிறு மாநிலம்தான்.

மூன்றாவது, சட்டத்தில் இடம். ஜெர்மனியின் கட்டட ஆற்றல் சட்டத்தின் 2023 வரைவில் புது வீடுகளில் பெல்லட்டுக்கு இடமே இல்லை. பழைய வீட்டில் வைத்தால் சோலாரும் வடிகட்டியும் சேர்த்து வைக்கவேண்டும் என்று இருந்தது. சங்கங்கள், காட்டு உரிமையாளர்கள், மர மில்காரர்கள் எல்லாரும் சேர்ந்து எதிர்த்தார்கள். 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் அந்த நிபந்தனைகள் இல்லை. அந்த வெற்றியில் எனக்கு முழு மகிழ்ச்சி இல்லை. புது வீட்டுக்கு இவ்வளவு கருவி தேவையே இல்லை, பழைய வீட்டுக்காக மட்டும் போராடியிருக்கலாம். வடிகட்டிக் கோரிக்கையை ஏற்றுக்கொண்டிருந்தால் கீழே வரும் புகைக் கேள்விக்கு என்னால் இன்னும் தைரியமாகப் பதில் சொல்ல முடியும்.

அமெரிக்காவுல இருக்கேன். பெல்லட் ஸ்டவ்வுக்கு வரிச்சலுகை இன்னும் உண்டா?

மத்திய அரசின் சலுகை முடிந்துவிட்டது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் பல தடவை மசோதா போட்டுப் போட்டு, 2020 டிசம்பர் சட்டத்தில்தான் 26 சதவீதச் சலுகை கிடைத்தது. 2021, 2022 இரண்டு வருடம் அது இருந்தது. 2022 ஆகஸ்டு சட்டம் அதை 30 சதவீதமாக்கி, வருடத்துக்கு 2,000 டாலர் என்று உச்சவரம்பு வைத்தது. கருவியின் திறன் 75 சதவீதமாவது இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. 2025 ஜூலையில் வந்த சட்டம் அதை 2025 டிசம்பர் 31-ஓடு நிறுத்திவிட்டது. பத்து வருடத்துக்கு மேல் கேட்டு வாங்கியது ஐந்தே வருடத்தில் போய்விட்டது. உங்கள் மாநிலத்தில் தனித் திட்டம் இருக்கிறதா என்று மாநில ஆற்றல் அலுவலகத்தில் கேளுங்கள்.

பெல்லட் மானியத்தால ஒரு ஆட்சியே கவுந்துச்சுன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம். வடக்கு அயர்லாந்தில். மானியம் கேட்கும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

2012 நவம்பரில் அங்கே ஒரு திட்டம் தொடங்கியது. மர பாய்லரில் உண்டாக்கும் ஒவ்வொரு யூனிட் வெப்பத்துக்கும் 20 வருடம் அரசு பணம் தரும். நடுத்தர பாய்லருக்கு யூனிட்டுக்கு 5.9 பென்ஸ். எரிபொருள் செலவாகக் கணக்கில் இருந்தது சுமார் 4.4 பென்ஸ். எரிக்க எரிக்க லாபம்! பிரிட்டனின் மற்ற பகுதிகளில் இருந்த திட்டத்தில் குறிப்பிட்ட மணி நேரத்துக்குப் பிறகு தொகை குறைந்துவிடும். அந்த ஒரு விதியை மட்டும் வடக்கு அயர்லாந்தில் சேர்க்காமல் விட்டார்கள். தேவையில்லாத கட்டடங்களையும் சூடாக்குகிறார்கள் என்று ஒரு பெண்மணி 2013-லேயே அதிகாரிகளிடம் எடுத்துச் சொன்னார், யாரும் காதில் வாங்கவில்லை. விதியைத் திருத்தப்போகிறார்கள் என்ற செய்தி பரவியதும் 2015 இலையுதிர் காலத்தில் விண்ணப்பங்கள் குவிந்தன. 2016 பிப்ரவரியில் திட்டத்தை மூடினார்கள். 20 வருடத்தில் 49 கோடி பவுண்டு வரை கூடுதல் செலவு வரலாம் என்று மதிப்பிட்டார்கள்.

திட்டம் தொடங்கியபோது அந்தத் துறையின் அமைச்சராக இருந்த அர்லீன் ஃபாஸ்டர் அதற்குள் முதலமைச்சராகியிருந்தார். அவர் பதவி விலக மறுத்ததால் துணை முதலமைச்சர் மார்ட்டின் மெக்கின்னஸ் 2017 ஜனவரி 9-இல் விலகினார், ஆட்சி நின்றது, மூன்று வருடம் சட்டமன்றம் இயங்கவில்லை. நீதிபதி பாட்ரிக் காக்லின் நடத்திய விசாரணையின் அறிக்கை 2020 மார்ச்சில் வந்தது. ஊழலை விட அக்கறையின்மையும் திறமைக் குறைவும்தான் அதில் அதிகம் தெரிந்தன. நேர்மையாக ஒழுங்காக எரித்த விவசாயிகளும் பின்னால் தொகை வெட்டப்பட்டுக் கடனில் விழுந்தார்கள். கருவி வாங்கும்போது ஒரே தடவை உதவுவதும், எரிக்கும் யூனிட்டுக்குப் பணம் தருவதும் ஒன்றல்ல. ஜெர்மனியின் முறை முதல் வகை, அதில் வெட்டியாக எரித்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

மரத்தை வெட்டி எரிக்கறதுதானே, இது எப்படி பசுமை?

என் மகளே கேட்ட கேள்வி. இதற்கு ‘எல்லாம் பசுமைதான்’ என்று பதில் சொல்லும் விற்பனையாளரை எனக்குப் பிடிக்காது.

புகைபோக்கியிலிருந்து வரும் கரியமிலவாயு நிஜம். காடு அதைத் திரும்ப உறிஞ்ச வருடங்கள் ஆகும். எதை எரிக்கிறோம் என்பதில்தான் விடை இருக்கிறது. ஜெர்மனியின் பெல்லட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அறுவை மில்லின் தூளும் சீவலும். பலகைக்காக அறுத்த மரத்தின் மிச்சம் அது, வேறு வேலைக்குப் போகாவிட்டால் சீக்கிரத்தில் மட்கியோ எரிந்தோ போகும். முழு மரத்தை பெல்லட்டுக்காகவே வெட்டினால் கணக்கு மாறிவிடும். 2018 ஜனவரியில் 800 அளவிலான விஞ்ஞானிகள் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குக் கடிதம் எழுதியது அதை எதிர்த்துத்தான். 2023-இல் திருத்திய புதுப்பிக்கத்தக்க ஆற்றல் விதிகளில், பலகைக்கும் பிளைவுட்டுக்கும் ஆகும் மரம், வேர், அடிக்கட்டை ஆகியவற்றை எரிக்க நேரடி நிதியுதவி கூடாது என்று எழுதினார்கள். தொழிலில் பலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. மரம் முதலில் வீடாகட்டும், நாற்காலியாகட்டும், மிச்சம் அடுப்புக்கு வரட்டும். மரத்தூள் அடுப்பு எரித்த எங்கள் அம்மாவுக்கு இதைச் சட்டம் போட்டுச் சொல்லவேண்டியிருந்ததில்லை.

டிராக்ஸ், என்விவான்னு செய்தியில வருதே, அதுவும் இதுவும் ஒரே தொழிலா?

பெல்லட் என்ற பேர் ஒன்று. டிராக்ஸ் இங்கிலாந்தின் பெரும் மின்நிலையம், முன்பு நிலக்கரி எரித்தது, இப்போது வட அமெரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக பெல்லட் எடுக்கிறது. என்விவா, இப்படி மின்நிலையங்களுக்கு பெல்லட் செய்யும் நிறுவனங்களில் உலகிலேயே மிகப் பெரியதாக இருந்தது, 2024 மார்ச்சில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டது. மின்நிலையத்தில் எரித்தால் வெப்பத்தில் பாதிக்கு மேல் குளிர்விப்புக் கோபுரம் வழியே போய்விடும். வீட்டு பாய்லரில் பத்தில் ஒரு பங்குகூட வீணாவதில்லை.

சங்கங்கள் இந்த இரண்டையும் பிரித்துப் பேசத் தயங்குகின்றன, உறுப்பினர்களில் இரு தரப்பும் இருப்பதால். அந்தத் தயக்கத்துக்கு விலை கொடுப்பது வீட்டு ஹீட்டிங்காரர்கள். தொலைக்காட்சியில் அமெரிக்கக் காடு மொட்டையாவதைப் பார்த்துவிட்டு, பக்கத்து மில்லின் தூளை எரிப்பவரிடம் போய்ச் சண்டை போடுகிறார்கள்.

புகை வராதா? பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வரமாட்டாரா?

திறந்த கணப்பை விடவும் விறகு அடுப்பை விடவும் பெல்லட்டின் புகை மிகக் குறைவு. எரிவாயுவை விட அதிகம். இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஜெர்மனியில் புது பாய்லர் ஒரு கன மீட்டர் புகையில் 20 மில்லிகிராம் தூசுக்குள் இருக்கவேண்டும். முன்பு சொன்ன 2,500 யூரோ வேண்டுமானால் 2.5 மில்லிகிராமுக்குள். அமெரிக்காவில் 2020 மே 15 முதல் புது ஸ்டவ் மணிக்கு 2 கிராமுக்கு மேல் துகள் விடக்கூடாது. பள்ளத்தாக்கு ஊரிலோ நெருக்கமான தெருவிலோ இருந்தால் வடிகட்டி உள்ள பாய்லரையே வாங்குங்கள்.

அண்ணை, எங்கட வீட்டுக்குக் கீழே சாமான் அறை ஒண்டு இருக்கு. அதைப் பெல்லட் அறையாக்கலாமோ?

ஆக்கலாம், ஆனால் காற்றோட்டம் முதலில். குவித்து வைத்த பெல்லட்டிலிருந்து மணமோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு கசியும், புதிதாக ஊதி நிரப்பிய வாரங்களில் அதிகம். 2010-இல் ஜெர்மனியிலும் 2011-இல் சுவிட்சர்லாந்திலும் பெரிய கிடங்குகளுக்குள் போனவர்கள் இறந்திருக்கிறார்கள். துளை வைத்த மூடியும் வெளிக்காற்று வழியும் கட்டாயம். பாய்லரை நிறுத்தி, கதவைத் திறந்து, 15 நிமிடமாவது காற்று போகவிட்டு, வெளியே ஒருவரை நிற்கவைத்துத்தான் உள்ளே போகவேண்டும். பிள்ளைகள் விளையாடப் போகாதபடி பூட்டு போடுங்கள் தம்பி, இதில் சமாதானமே வேண்டாம்.

ஹீட் பம்ப் வந்தாச்சே, இனி பெல்லட் எதுக்கு?

நல்ல வெப்பக் காப்புள்ள வீடு, தரைக்கடியில் சூடாக்கும் குழாய் ஓடுகிறது என்றால் ஹீட் பம்ப் வையுங்கள். என்னிடம் கேட்பவர்களில் பாதிப் பேருக்கு அதைத்தான் சொல்கிறேன், என் முதலாளிக்கும் அது தெரியும்.

1960-களின் வீடு, பழைய ரேடியேட்டர், 65 டிகிரி தண்ணீர் கேட்கிறது என்றால் கதை வேறு. ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம்கூடத் தராமல் திணறும். மின்சாரம் 30 சென்ட் என்றால் வெப்பம் 10 சென்டுக்கு மேல், பெல்லட் 6 சென்ட் சொச்சம் என்று மேலே பார்த்தோம். அப்படிப்பட்ட வீடு, கிராமம், கிடங்குக்கு இடம் இருக்கிறது: இங்கேதான் பெல்லட்டின் எதிர்காலம். எண்ணெயிலேயே இருந்துவிடலாமே என்பவர்களுக்கு ஒரு விஷயம். ஜெர்மனியில் கரியமிலவாயுவுக்கு வைத்த கரிம விலை 2021-இல் வாயு டன்னுக்கு 25 யூரோ, 2025-இல் 55. அது எண்ணெய் பில்லில் ஏறும், பெல்லட்டில் ஏறாது.

நம்ம ஊர்ல இதுக்கு வாய்ப்பு இருக்கா? ஆலை போடலாமா?

வீட்டைச் சூடாக்க நமக்குத் தேவையில்லை. ஆனால் நிலக்கரி மின்நிலையங்களில் 5 சதவீதம் உயிரிக்கழிவு பெல்லட் சேர்க்கவேண்டும் என்று இந்திய மின்துறை அமைச்சகம் 2021 அக்டோபரில் கொள்கை கொண்டுவந்தது. அங்கே மூலப்பொருள் பெரும்பாலும் வயல் கழிவு, எரிவது தொழிற்சாலையில். அது இங்கே சொன்னதிலிருந்து முற்றிலும் வேறு சந்தை. வீட்டு ஹீட்டிங் கணக்கை அங்கே கொண்டுபோய் முதலீடு செய்யாதீர்கள். ஆர்டர் அரசு விதியிலிருந்துதான் வரும் என்பதால், மானியக் கேள்விக்குச் சொன்ன பதிலை இன்னொரு தடவை படித்துவிட்டு முடிவெடுங்கள்.

சரி, இப்ப வாங்கலாமா, பொறுக்கலாமா?

பெல்லட் என்றால் ஏப்ரல் முதல் ஜூலைக்குள் வாங்குங்கள். வழக்கமான வருடங்களில் விலை அப்போதுதான் குறைவு, லாரியும் சொன்ன நாளில் வரும். கிடங்கில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும்போதே ஆர்டர் போடுங்கள். 2022-இல் தப்பித்தவர்கள் எல்லாரும் அப்படி இருந்தவர்கள்தான்.

பாய்லர் என்றால் வரிசை முக்கியம். ஜெர்மனியில் முதலில் நிறுவனத்தோடு ஒப்பந்தம், அதில் ‘மானியம் கிடைத்தால்தான் இது செல்லும்’ என்ற நிபந்தனை வரி கட்டாயம். அதை வைத்து விண்ணப்பம், அனுமதிக் கடிதம் கையில் வந்த பிறகு வேலை. அந்த ஒரு வரி இல்லாமல் கையெழுத்துப் போட்ட ஒரு குடும்பம் ஒன்பதாயிரம் யூரோவை இழந்ததை நான் பார்த்திருக்கிறேன். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் கையெழுத்துப் போடும் வாரத்தில், மானியம் தரும் அரசு வங்கியான கேஎஃப்டபிள்யூவின் இணையப் பக்கத்தை ஒருமுறை பாருங்கள். ஒப்பந்தம் படிக்கச் சிரமமாக இருந்தால் சனிக்கிழமை பள்ளிக்குக் கொண்டுவாருங்கள், உட்கார்ந்து சேர்ந்து படிக்கலாம்.